தலைமாட்டில் ஓர் இடம்

கண்டல்துறையில் செத்தவர்களின் படங்களுக்குள் ஊர்ச்சனம் போய் நிற்கத் தொடங்கிய வருடம் மீன்பாடு நன்றாக இருந்தது, கோயில் தேருக்குப் புதுச் சில்லுப் போட்டார்கள், படக்காரர் பற்குணத்தாரின் வலது கண்ணில் பார்வை முழுதாய்ப் போயிருந்தது. இந்த மூன்றையும்தான் ஊர் முதலில் பெரிதாகக் கதைத்தது. படத்துக்குள் போய் நின்றதைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது? செத்தவீடென்றால் போகத்தானே வேண்டும்.

எங்கள் பக்கத்தில் படம் எடுக்காமல் பெட்டியை மூடுவதில்லை. தலைமாட்டில் தாயோ மனைவியோ, இரண்டு பக்கமும் பிள்ளைகளும் சகோதரங்களும், கால்மாட்டில் மச்சான்மாரும் அயலட்டையும் என்று சுற்றி நின்று ஒரு படம். அது போய்ச் சேராவிட்டால் கனடாவில் இருக்கிற மகன் தகப்பன் செத்ததையே நம்பமாட்டான். பற்குணத்தார் இருபத்திரண்டு வயதில் நிலா ஸ்ரூடியோவில் சேர்ந்து, கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையை வெட்டிவிடுகிறவர் என்று பெயரெடுத்தாலும், செத்தவீட்டுப் படத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை என்றும் பெயரெடுத்தார். அழுதுகொண்டிருக்கும்போதுகூடக் கமெராவைக் கண்டால் தலைமயிரைத் தடவிவிடுகிற சனம் நாங்கள். அவர் விடமாட்டார். "என்னைப் பாக்காதேங்கோ, பிரேதத்தைப் பாருங்கோ" என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார்; கடைசி மச்சானும் கமெராவை மறந்து, செத்தவரின் முகத்தை உண்மையாகவே பார்க்கிற அந்தக் கணம் வரும்வரை விரலை அசைக்கமாட்டார்.

பிறகு சண்டை வந்தது. பெட்டி இல்லாத சாவுகள் வந்தன. தலைமாடு எது கால்மாடு எது என்று தெரியாத சாவுகள் வந்தன. சந்தைக்குப் போன இடத்தில், கியூவில் நின்ற இடத்தில், படகில், பங்கருக்குள், பள்ளிக்கூட வாசலில், சுற்றி நிற்க ஒருவரும் இல்லாத சாவுகள் வந்தன. அப்போது பற்குணத்தார் ஸ்ரூடியோவைப் பூட்டி, திறப்பை முதலாளியின் வீட்டு வேலியில் கொழுவிவிட்டு, கமெராவைத் துவாயில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். பற்றரிக்குத் தடை, பிலிமுக்குத் தடை, மருந்துக்குத் தடை. வெயிலுக்குத்தான் ஒருவரும் தடை போடவில்லை, அதை வைத்து எடுத்தார். குண்டு விழுந்த இடத்திலிருந்து எல்லாரும் ஓடிவருகிற பாதையில் எதிராக ஒரு சைக்கிள் போனால் அது பற்குணத்தாரின் சைக்கிள் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீட்டுத் திறப்பை அயல்வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு நடந்த முஸ்லிம் சோனகச் சனத்தை எடுத்தார். கடல்நீரேரிக் கரையில் மூன்று நாளாய்க் கிடந்த ஆமிக்காரப் பெடியன் ஒருவனையும் எடுத்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கத்தார் அவரின் இரண்டு விரல்களை முறித்தார்கள், மறுபக்கத்தார் நாற்பது நாள் பங்கருக்குள் வைத்திருந்தார்கள், இரண்டு பக்கத்தாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ எந்தப் பக்கம்?"

"நான் செத்தவீட்டுப் படக்காரன், ஐயா. செத்த ஆளின்ர பக்கம்."

இந்தப் பதிலுக்குத்தான் விரல் முறிந்தது. முறிந்த விரலைப் பனைமட்டைத் துண்டோடு கட்டிக்கொண்டு அடுத்த கிழமையே அந்த மனிதர் திரும்பவும் சைக்கிளில் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம். அவருக்குப் பேசி வந்த பெண்ணின் தகப்பன், எந்நேரமும் பிணத்தோடு நிற்கிறவனுக்குப் பிள்ளையைக் கொடேன் என்று சொல்லிவிட, அவரும் சரியென்று விட்டுவிட்டார். படச்சுருள்களைப் பால்மாத் தகரப் பேணிகளில் போட்டு, மெழுகால் மூடி, போகிற ஊரெல்லாம் புதைத்தார். சண்டை முடிந்து, ஓடியவர்களில் மிச்சமானவர்கள் திரும்பி வந்து, காலமும் போய், எழுபத்தாறு வயதில் ஒரு மண்வெட்டியோடு அந்த இடங்களையெல்லாம் தேடிப் போய்த் தோண்டி எடுத்து, முப்பத்தொரு படத்தைப் பெரிதாகக் கழுவி, எங்கள் துறையில் பாழடைந்து கிடந்த ஐஸ் பக்டரியின் சுவரில் மாட்டினார். படத்துக்காக ஒரு பிரேதத்திலும் ஒரு தூசியைத்தானும் தான் கைவைத்துத் துடைத்ததில்லை என்று அடிக்கடி சொல்வார். நாங்களும் அதை நம்பினோம்.

முதலில் படத்துக்குள் போனவர் மீன் ஏலம் கூறுகிற ஞானசீலன். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏலம் முடிந்து, பனையோலை உமலில் நாலு விளைமீனோடு உள்ளே போய், வேலியோரம் விழுந்து கிடந்த ஒரு கிழவரின் படத்துக்கு முன்னால் நின்று, "பாவம் மனிசன், ஒற்றைச் செருப்போட கிடக்கிறார்" என்று சொல்லி நெடுநேரம் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு தேத்தண்ணி குடித்து, திரும்பிப் போய்ப் பார்த்தால், படத்தில் அந்தக் கிழவரின் கால்மாட்டில், தலையைக் குனிந்தபடி, கையில் உமலோடு அவர் நின்றார்.

"வடிவாய்த்தான் நிக்கிறன்" என்றார் ஞானசீலன். "சேட்டுத்தான் கொஞ்சம் ஊத்தை."

அவ்வளவுதான். அடுத்த நாள் காலை பெண்கள் கஞ்சி போட்ட சேலை உடுத்து வரிசையில் நின்றார்கள். பார்த்து, அழுது, வெளியே வந்து தேத்தண்ணி குடித்து, திரும்பிப் போய்த் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்கள். மனம் எங்கே நின்றதோ அங்கே ஆள் நின்றார். சாராயம் போட்டுவிட்டு வந்த ஒருவர் இன்றைக்கும் ஒரு படத்தில் சரிந்தபடிதான் நிற்கிறார். காணிப் பிரச்சினையில் பத்து வருடம் கதைக்காமல் இருந்த இரண்டு சகோதரர்கள் ஒரே பிள்ளையின் இரண்டு பக்கத்திலும் வந்துவிட்டார்கள். படத்தில் ஒருவரின் கை மற்றவரின் தோளில் கிடந்தது. வெளியில் இன்னும் கதைக்கவில்லை. திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அரைக்காற்சட்டையோடு படத்தில் நின்றதைக் கண்டு வெட்கப்பட்டு, வேட்டி உடுத்துத் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். ஒருமுறை நின்றவரைப் படம் மாற்றுவதில்லை. அரசியல்காரர் ஒருவர் கமெராக்காரர்கள் புடைசூழ வந்து, படத்துக்கு முன்னால் நின்று தன்னைப் படமெடுப்பித்துக்கொண்டு போனார். அவர் ஒரு படத்திலும் வரவில்லை. செத்தவரைப் பார்த்தால்தானே வருவதற்கு!

பற்குணத்தாருக்குத்தான் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணைப் படத்தோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார். "இது சாட்சி, ஞானசீலன். நாளைக்கு ஒரு விசாரணை எண்டு வந்தால் இதைத்தான் காட்டவேணும். ஊரே வந்து நிண்டால் ஆர் நம்பப்போறான்?"

"சாட்சி கூடினால் வழக்குக் கெடுமே, பற்குணத்தண்ணை?" என்றார் ஞானசீலன்.

அடுத்த நாள் பற்குணத்தார் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களுக்குத் தன் பழைய வசனத்தைச் சொல்லத் தொடங்கினார்.

எங்களுக்கு வந்த பிரச்சினை வேறு. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால்வைக்க முடியாது. நாளுக்கு இருநூறு பேர் முழுகினால் கிணறு என்னத்துக்கு ஆகும்? ஊர்க்கிணறெல்லாம் உவர் ஏறத் தொடங்கியது. அதைவிடப் பெரிய சிக்கல், இன்னும் ஒரு மாதத்தில் கோயில் தேர். படத்தில் உறவாய் நிற்கிறவனுக்குச் சாவுத் தீட்டான துடக்கு உண்டா இல்லையா? உண்டென்றால் ஊர் முழுக்கத் துடக்கு, முப்பத்தொரு நாளைக்குக் கோயில் படி மிதிக்கேலாது, புதுச் சில்லுப் போட்ட தேரை இழுக்க வடம் மட்டும்தான் மிச்சம். ஐயரிடம் போனோம். ஐயர் இரண்டு நாள் யோசித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தலைமாட்டில நிக்கிறவைக்குத்தான் துடக்கு. மற்றவை முழுகினால் போதும்."

ஐயர் தேரை மனதில் வைத்துத்தான் சொன்னார், அதை நாங்கள் எல்லாரும் அறிவோம். ஆனால் அந்தச் சொல் ஊரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் தலைமாட்டை விட்டுத் தள்ளியே மனதை நிறுத்தினோம். படங்களில் கால்மாடு சந்தையாய் நெரிய, தலைமாடு வெறுமையாய்க் கிடந்தது. சொந்தத் தாயும் மனைவியும் மட்டும் வந்து, துடக்காவது ஒன்றாவது என்று பார்த்து, அந்த இடத்தில் நின்றார்கள். கடைசியில் சில தலைமாடுகளுக்கு ஆள் வரவேயில்லை. அதில் ஒன்று மனோன்மணியின் மகன் சுகிர்தனுடையது.

மனோன்மணிக்கு எழுபத்துநாலு வயது, வீடு எங்கள் கண்ணுக்கெட்டிய தூரம். மகன் சுகிர்தன் பத்தொன்பது வயதில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டு வாங்கச் சந்திக்குப் போனான், சந்தியில் ஷெல் விழுந்தது. அன்றைக்குப் பற்குணத்தாரின் கமெராவில் மிச்சமிருந்தது ஒரேயொரு படம். அதை எடுத்தார். பொடியனைத் தூக்கிச் சைக்கிளில் வைக்க முதல் திரும்பவும் ஷெல் வர, ஓடிப்போய், இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தபோது சந்தியில் ஒருவரும் இல்லை. எல்லாரையும் அள்ளிக்கொண்டுபோய் எங்கோ எரித்துவிட்டார்கள் என்றார்கள். ஈரம் காயாத படத்தோடு அவர் மனோன்மணியின் படலையில் போய் நின்றபோது, அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "அது என்ர பிள்ளை இல்லை" என்றாள். பார்க்காமலே சொன்னாள். அன்றிலிருந்து முப்பத்தொரு வருடம், தேர் அன்றைக்குக் கற்பூரச்சட்டி ஏந்தி, அவன் உயிரோடு வரவேண்டும் என்று நேர்ந்தாள். முப்பத்தொரு வருடமும் பற்குணத்தார் அவளின் படலைக்குப் போனார், அவள் கதவைச் சாத்தினாள். தனக்குப் பிறகு அந்தப் பொடியன் ஆர் என்று சொல்ல ஆளில்லாமல் போய்விடும், பெயரில்லாத பிணமாய்ச் சுவரில் கிடப்பான் என்ற ஒன்றுதான் அந்த மனிதரை அரித்தது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது.

ஊரே போகிறதே என்று ஒரு நாள் மனோன்மணியும் ஐஸ் பக்டரிக்குப் போனாள். மகனின் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தச் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டியபடி நடந்தாள். போன இடத்தில், ஒருவருமே நிற்காத ஒரு படம் இருந்தது. அந்த ஆமிக்காரப் பெடியன். எங்களில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை, அதை மறைப்பானேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தோம், எங்களுக்கும் எங்கள் காரணங்கள் இருந்தன. மனோன்மணி அவனுக்கு முன்னால் நின்றாள். வாயில் மண், கழுத்தில் இலக்கத் தகடு, மீசை இன்னும் சரியாய் முளைக்கவில்லை. அவள் தேத்தண்ணி குடித்துத் திரும்பியபோது, படத்தில் அவனின் தலைமாட்டில், கையைத் தலையில் வைத்தபடி நின்றாள்.

ஊர் குதித்தது. ஐயர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "அவன் ஆர் உனக்கு, மனோன்மணி? தேருக்குப் பன்ரண்டு நாள் கிடக்கு. வலியப் போய்த் துடக்கை ஏத்தினனியே!"

"அவனுக்கு ஆருமில்லை, ஐயா. என்ர பிள்ளை எங்கயோ உயிரோட இருக்கிறான். எனக்கு அழுறதுக்கு நேரம் கிடக்கு."

முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அந்தத் தேருக்கு அவள் சட்டி ஏந்தவில்லை. வீதிக்கு அப்பால், வேலியோரம் நின்று, தேர் போகும்போது கையைக் கூப்பினாள். அதைப் பார்த்து ஐயர் மந்திரத்தில் இரண்டு தரம் தடுமாறினார்.

பற்குணத்தார் ஆமிக்காரப் பெடியனின் படத்தைச் சின்னதாய்ப் பிரதி எடுத்து, கொழும்புக்கு மீன் ஏற்றுகிற லொறிச் சாரதி அல்பிரட்டிடம் கொடுத்தார். அந்தத் தகட்டு இலக்கத்தை எழுதி எத்தனையோ அரச கந்தோருக்குக் கடிதம் போட்டுப் பதில் வராமல் சலித்தவர் அவர். அல்பிரட் சிங்களம் தண்ணியாய்க் கதைப்பான். லொறி நிறுத்துகிற தேத்தண்ணிக் கடையெல்லாம் படத்தைக் காட்டினான். நாலாம் மாதம், மலைப்பக்கம் ஒரு கடையில், பாண் வாங்க வந்த ஒருவர் படத்தைக் கையில் வாங்கி, பாணைக் கீழே வைத்தார்.

அப்படித்தான் அவனின் தாய் பொடிமெனிக்கே எங்கள் ஊருக்கு வந்தாள். வெள்ளைச் சீலை, கையில் ஒரு போத்தல் இனிப்புக் கித்துள் பாணி, அல்பிரட்டின் லொறியில் முன்சீற்றில் பதினொரு மணித்தியாலம். மகனின் படத்துக்கு முன்னால் நின்று அவள் அழுதது எங்கள் பாசை இல்லை. ஒரு சொல்லும் விளங்காமல் போகவுமில்லை. பிறகு கண்ணைத் துடைத்து, தலைமாட்டில் நிற்கிற மனிசியைச் சுட்டிக்காட்டி அல்பிரட்டிடம் ஏதோ கேட்டாள்.

"இந்த அம்மா ஆரெண்டு கேக்கிறா. இவவின்ர பிள்ளையள் எங்கயெண்டு கேக்கிறா."

மனோன்மணி அன்றைக்கென்று ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போயிருந்தாள். ஞானசீலன்தான் கையை நீட்டி எதிர்ச்சுவரைக் காட்டினார்.

பொடிமெனிக்கே செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள். எதிர்ச்சுவருக்கு நடந்தாள். நூறுக்கு மேல் சனம் நெருங்கி நிற்கிற அந்தப் படத்தில், ஒருவரும் நிற்காத அந்த இடத்தைக் கொஞ்ச நேரமும், பிறகு சுகிர்தனின் முகத்தை நெடுநேரமும் பார்த்தாள். லொறிக்கு நேரமாகிவிட்டது என்று அல்பிரட் கூப்பிட, பாணிப் போத்தலை "அந்த அம்மாவுக்கு" என்று ஞானசீலனின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பின்னேர பஸ்ஸில் மனோன்மணி வந்திறங்கினாள். ஞானசீலன் போத்தலை நீட்டினார். சீனி வருத்தக்காரிக்குப் பாணியா என்று சிரித்தபடிதான் வாங்கினாள். அவர் மிச்சத்தையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவளின் முகம் மாறியது.

"ஆர் அவள்?" என்று கத்தினாள். நடுத்தெருவில், பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்க்க, போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "என்ர பிள்ளையின்ர தலைமாட்டில நிக்க அவள் ஆர்?"

"என்ர பிள்ளை" என்று அவள் சொன்னது அவளின் காதிலேயே போய் விழுந்தது. பிறகு ஐஸ் பக்டரியை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம், கிட்டப் போகவில்லை.

வாசலில் பற்குணத்தார் காலடியை வைத்தே ஆளை மட்டுப்பிடித்தார். கதிரையை விட்டு எழும்பினார். "வாங்கோ, தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முப்பத்தொரு வருடம் கதவு சாத்தப்பட்ட ஒரு மனிதர் வேறெதையும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கே அவரைக் கும்பிடலாம்.

அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, பழைய செத்தவீடுகளில் நிற்கிறது போல ஓரமாய்த் தள்ளி நின்றார்.

"என்னைப் பாக்காதேங்கோ, தங்கச்சி. பிள்ளையைப் பாருங்கோ."

கையை எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார், காத்திருக்கத்தான் அவருக்குத் தெரியுமே. கையை எடுத்தாள். பார்த்தாள். அவள் அழுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

"இந்த மேல்பொத்தானை ஆர் பூட்டினது?" என்று கேட்டாள். "இவன் ஒரு நாளும் மேல்பொத்தான் பூட்டமாட்டான். நான் சொல்லிச் சொல்லிக் களைச்சனான்."

பற்குணத்தார் ஓர் அடி கிட்ட வந்தார். "நான்தான், தங்கச்சி. நெஞ்சு திறந்து கிடந்தது. தாய் பாக்கப்போறா எண்டு நினைச்சன். இவ்வளவு படத்திலயும் நான் கைவைச்சது அது ஒண்டுதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். முப்பத்தொரு வருடத்தையும் சேர்த்து அழுதாள். பற்குணத்தாரும் அழுதார். ஒரு தூசியையும் துடைக்காதவர் என்று நாங்கள் இத்தனை காலம் பெருமைப்பட்ட மனிதர், ஒரு பொத்தானைப் பூட்டினார் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எங்களுக்கு இன்னும் உயரமாய்ப் போனார்.

ஞானசீலன் தேத்தண்ணி கொண்டுவந்தார், சீனி போடாமல். வாசலில் இருந்து குடித்துவிட்டு அவள் திரும்பவும் உள்ளே போனாள். பற்குணத்தார் சுவரைத் தடவிக்கொண்டு பின்னால் போனார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, அவருக்குப் படம் வெறும் மங்கலாய்த்தான் தெரிந்திருக்கும்.

"என்ன தெரியுது, தங்கச்சி?"

மனோன்மணி படத்தோடு முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அவ அரையடி தள்ளி நிண்டு எனக்கு இடம் விட்டிருக்கிறா" என்றாள். "என்ர முழங்கையையும் பிடிச்சிருக்கிறா, அண்ணை. விழுந்துபோவன் எண்டு நினைச்சாவோ தெரியேல்லை."

பிறகு வெளியே வந்து, பக்டரிக் கிணற்றடியில் போய் நின்றாள். கிணற்றில் தண்ணி குறைவு, அதுவும் உவர். பற்குணத்தார் கயிற்றைத் தடவிப் பிடித்து, முறிந்து பொருந்திய விரல்களால் வாளி வாளியாய் அள்ளிக் கொடுக்க, அவள் உடுத்த சேலையோடு தலையில் ஊற்றி முழுகினாள். நாங்கள் எல்லாரும் மறுபக்கம் திரும்பி நின்றோம். முழுகி முடித்துத் தலைமயிரைப் பிழிந்தபோது அவளின் குரல் சாதாரணமாய் இருந்தது, நாளைக்கு என்ன கறி என்று கேட்கிற குரல்.

"எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலுக்குக் கணவாய் வேணும், ஞானசீலன். நல்ல சின்னக் கணவாயாய்ப் பாத்து எடுத்து வையும், அவனுக்கு அதுதான் விருப்பம். அல்பிரட் எப்ப அங்கால போறான்?"

"நாளையண்டைக்கு, அக்கா."

"அப்ப அவவுக்கும் சொல்லி அனுப்புங்கோ" என்றாள். "தலைமாட்டில நிண்ட மனிசி எட்டுக்கு வராமல் விடக்கூடாது."